ஆளுக்கு ரெண்டு பாக்கெட்: ஊத்தங்கரையில் ஒரு மளிகைக் கடை

கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் டிபன் கடை நடத்துகிறேன். காலையில் இட்லி, பொங்கல். சாயந்திரம் தோசை, போண்டா. உளுந்து, இட்லி அரிசி, பாமாயில் இல்லாமல் எனக்கு ஒரு நாளும் ஓடாது. அதனால் இந்த ஊர் மளிகைக் கடைகளில் எது எப்படி என்று ஓரளவு தெரியும். புதிதாகக் குடிவருகிறவர்கள் சாமான் எங்கே வாங்கலாம் என்று கேட்டால் ஒரே கடையைத்தான் கைகாட்டுவேன். பெயர் போட வேண்டாம் என்று கடைக்கார அண்ணன் கேட்டுக்கொண்டார், அவர் விருப்பப்படியே விட்டுவிட்டேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான். வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும், அன்றைய விலையெல்லாம் சாக்பீஸில் எழுதியிருக்கும். அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் சரக்கைச் சொல்லிவிடுகிறேன். பருப்பு வகையெல்லாம் சேலம் லீ பஜாரிலிருந்து வருகிறது. உளுந்து அருமையாக இருக்கும், அரைத்தால் மாவு நன்றாகக் காணும். நிலக்கடலையும் கேழ்வரகும் சுற்றுவட்டார விவசாயிகளிடம் நேராக வாங்குகிறார். களிக்கு மாவு அரைக்க நான் வேறு எங்கும் ராகி வாங்குவதில்லை. குறைகளும் உண்டு. மஞ்சள் தூள், மிளகாய்த் தூளை உதிரியாக வாங்காதீர்கள், வாசனை போயிருக்கும். மழைக்காலத்தில் ரவையைச் சலித்துவிட்டுத்தான் வறுக்க வேண்டும். சூப்பர் மார்க்கெட்டோடு ஒப்பிட்டால் துவரம் பருப்பு கிலோவுக்கு மூன்று நாலு ரூபாய் கூட வரும். கேட்டால் ஒழிய பில் கொடுக்க மாட்டார்.

இவ்வளவுதான் விஷயம் என்றால் உட்கார்ந்து எழுதியிருக்க மாட்டேன். வேறு கடைக்குப் போக வழியே இல்லாத நாளில் ஒரு கடை நம்மை எப்படி நடத்துகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். அப்படிப்பட்ட நாட்கள் எங்கள் ஊருக்கு வந்தன.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. கடலுக்கும் நமக்கும் எவ்வளவோ தூரம் என்று இங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை விடவே இல்லை. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் பதிவானது 50 சென்டிமீட்டர். பக்கத்தில் தர்மபுரி மாவட்டம் அரூரில் 33. ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேனையும் காரையும் வெள்ளம் உருட்டிக்கொண்டு போன வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள், அது எங்கள் ஊர்தான். ரோடு பல இடத்தில் துண்டாகிவிட்டது. கரண்ட் இல்லை, போன் இல்லை, பால் வண்டி இல்லை.

அன்றைக்கு ஊரில் நடந்ததை அப்படியே சொல்கிறேன், யார் எவர் என்று சொல்லப் போவதில்லை. 20 ரூபாய் ஆவின் நீலப் பாக்கெட், அரை லிட்டர், ஒரு இடத்தில் 40 ரூபாய். இன்னொரு இடத்தில் விலை 20தான், ஆனால் கூடவே இரண்டு பிஸ்கட் பாக்கெட் வாங்கினால்தான் பால். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு பெண் அந்த பிஸ்கட்டுக்குக் காசில்லாமல் திரும்பிப் போனதை நானே பார்த்தேன். அஞ்சு ரூபாய் மெழுகுவர்த்தி 20 ரூபாய். 2 ரூபாய் என்று அச்சடித்த தீப்பெட்டி 5 ரூபாய். 20 லிட்டர் தண்ணீர் கேனுக்கு வாய்க்கு வந்த விலை. ஜெனரேட்டர் வைத்திருந்தவர் ஒரு போனை சார்ஜ் போட 30 ரூபாய் வாங்கினார். டீசல் செலவு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே நேரத்தில் முப்பது நாற்பது போன் சொருகியிருந்தது, போன் ஒன்றுக்கு அவ்வளவு டீசல் ஆகாது.

விலையை ஏற்றியதைவிட என்னை அதிகமாக உறுத்தியது வேறு. சில கடைகளில் சில்லறையாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஊரில் கூலிக்குப் போகிறவர்கள் அன்றன்றைக்குக் கிடைக்கிற காசில் அன்றைய சாமான் வாங்குகிறவர்கள். நூறு கிராம் எண்ணெய், கால் கிலோ பருப்பு, பத்து ரூபாய்க்குச் சர்க்கரை, இப்படித்தான் வாங்குவார்கள். மழை நாளில் கூலியும் கிடையாது. அவர்களைப் பார்த்து "ஒரு லிட்டர் பாக்கெட்டா வாங்குறதுன்னா வாங்கு, பிரிச்சுத் தர முடியாது" என்று சொன்னால், விலையை ஏற்றாமலேயே அவர்களுக்குக் கடையைச் சாத்தியதாகத்தான் அர்த்தம். 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்தபோதும் இதேதான் நடந்தது. காரில் வந்தவர்கள் சிப்பம் சிப்பமாக அரிசியை ஏற்றிக்கொண்டு போனார்கள், மறுநாள் மஞ்சப் பையோடு வந்தவர்களுக்கு அரிசி இல்லை.

இந்த அண்ணன் கடைக்கு வருகிறேன். மழை வலுத்த ராத்திரியே அவரும் அண்ணியும் முடிந்தவரை மூட்டைகளைப் பரணில் ஏற்றியிருக்கிறார்கள். ஏற்ற முடியாமல் கீழே கிடந்த சர்க்கரையும் உப்பும் கரைந்து போய்விட்டன. திங்கள்கிழமை கடைக்குள் கணுக்கால் தண்ணீர். ஷட்டரைப் பாதி தூக்கி, குறுக்கே ஒரு பெஞ்சைப் போட்டு, அதற்கு அந்தப் பக்கம் நின்று வியாபாரம் செய்தார். எலக்ட்ரானிக் தராசு வேலை செய்யவில்லை. பரணிலிருந்து அவங்க அப்பா காலத்துக் கைத்தராசையும் படிக்கற்களையும் எடுத்து வைத்திருந்தார். இருட்டில் முள் தெரியவில்லை. அண்ணி டார்ச்சைத் தராசு முள் மேல் பிடித்துக்கொண்டே நின்றார், அண்ணன் நூறு கிராம் சர்க்கரைக்குக்கூட முள் நடுவில் நிற்கிறவரை விட மாட்டேன் என்று ஒவ்வொரு பிடியாகப் போட்டு எடுத்தார். கூட்டம் அவசரப்படுத்தியது, அவர் அவசரப்படவில்லை. பொட்டலம் கட்டுகிற பேப்பர் நனைந்துவிட்டதால் பாத்திரம் கொண்டுவரச் சொன்னார்.

கரும்பலகையில் அன்றைக்கு வழக்கமான விலைதான். அடியில் புதிதாக ஒரு வரி: "எல்லாச் சாமானும் பழைய விலை. ஆளுக்கு ரெண்டு பாக்கெட். அரிசி, பருப்பு, ரவை அளவாத்தான்." மறுநாள் எப்படியோ ஒரு பால் வண்டி வந்து சேர்ந்தபோது பாலுக்கும் அதே சட்டம். நாலு பாக்கெட் கேட்டு ஒருவர் நூறு ரூபாயை நீட்டி, மீதி வேண்டாம் என்றார். "ரெண்டு பாக்கெட், நாப்பது ரூபா. இந்தாங்க அறுபது" என்று மீதியைக் கையில் திணித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

விலையை ஏற்றாததற்காக மட்டும் நான் இந்தக் கடையைப் பாராட்டவில்லை. அளவு வைக்காமல் பழைய விலைக்கே விற்றிருந்தால் முதலில் வந்த பத்துப் பேர் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். அதில் இரண்டு பேர் வாசலில் வைத்தே இரட்டை விலைக்கு விற்றிருப்பார்கள். பதுக்கல் என்றதும் வியாபாரியைத்தான் நினைக்கிறோம். வாங்குகிறவர்களும் பதுக்குவார்கள் என்று தெரிந்த கடைக்காரர்தான் இப்படி அளவு வைப்பார்.

பெங்களூரில் கம்பெனி வேலை பார்க்கிற என் அக்கா மகன் இதைக் கேட்டுவிட்டு என்னிடம் வாதாடினான். "சித்தி, தட்டுப்பாடு வந்தா விலை ஏறத்தான் செய்யும், ஏறினாத்தான் நல்லது. விலை கூடினா வெளியூர்க்காரன் லாபத்துக்காகச் சரக்கு கொண்டுவருவான், உள்ளூர்க்காரன் தேவைக்கு மேல வாங்க மாட்டான்" என்றான். படித்த பையன், சும்மா சொல்லவில்லை. அவன் சொல்வது சில சமயம் நடக்கவும் செய்யும். ஆனால் ரோடு அறுந்து கிடக்கிறபோது பால் பாக்கெட் 40 ரூபாய் ஆனாலும் 400 ரூபாய் ஆனாலும் திருப்பத்தூரிலிருந்து ஒரு வண்டி கூடுதலாக வந்துவிடாது. தண்ணீர் வடிந்தால்தான் வரும். அதுவரை இருக்கிற பால் இருக்கிறதுதான், அதை யார் குடிப்பது என்பதை மட்டும்தான் விலை முடிவு செய்கிறது. காசுள்ளவர் வீட்டில் காபி போடுவார்கள், இல்லாதவர் வீட்டுக் குழந்தைக்குப் பால் இருக்காது. தேவைக்கு மேல் வாங்காமல் தடுக்க வேண்டும் என்றால் அதற்கு "ஆளுக்கு ரெண்டு" போதும், காசு பறிக்க வேண்டியதில்லை.

வியாபாரிகள் சொல்கிற இன்னொரு நியாயம், "அடுத்த லோடு எங்களுக்கே விலை கூடத்தான் வரும், அதனால இப்பவே ஏத்துறோம்" என்பது. இதை எண்ணெய் விஷயத்தில் நன்றாகப் பார்த்துவிட்டேன். 2024 செப்டம்பர் 14 முதல் மத்திய அரசு சமையல் எண்ணெய் இறக்குமதிக்கு வரியைக் கூட்டியது. கச்சா பாமாயிலுக்கு அதுவரை இல்லாத அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதம் ஆனது, சுத்திகரித்த எண்ணெய்க்கு 12.5 சதவீதம் இருந்தது 32.5 ஆனது. புது வரி கட்டின ஒரு சொட்டு எண்ணெயும் ஊத்தங்கரைக்கு வந்து சேரும் முன்னாலேயே பாமாயில் விலை ஏறிவிட்டது. பழைய வரியில் வந்த கையிருப்பு தீரும்வரை விலையை ஏற்றாதீர்கள் என்று மத்திய உணவுத் துறையே எண்ணெய் நிறுவனங்களிடம் சொன்னது, நாட்டில் 45 முதல் 50 நாளுக்குப் போதுமான எண்ணெய் இருக்கிறது என்றும் சொன்னது. இருந்தும் போண்டா சட்டிக்கு எண்ணெய் வாங்குகிற எனக்கு ஒரே வாரத்தில் செலவு எகிறிவிட்டது.

அப்போதும் இந்த அண்ணன் பரணில் இருந்த பழைய பெட்டிகளைப் பழைய விலைக்கே கொடுத்தார். பெட்டி தீர்ந்து புது லோடு வந்த அன்று காலை பலகையில் புது விலை எழுதினார். வெள்ளம் வடிந்த பிறகும் அப்படித்தான். பாலம் பழுதாகி லோடு ஆட்டோ சுற்றிக்கொண்டு வந்ததால் வாடகை கூடியது. பருப்புக்குக் கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏற்றி, "ஆட்டோ வாடகை கூடுனதால" என்று பக்கத்திலேயே எழுதினார். ரோடு சரியானதும் அந்த வரியை அழித்துப் பழைய விலைக்கு வந்துவிட்டார். செலவு கூடினால் விலை கூடட்டும், அதில் எனக்கு வருத்தமே இல்லை. நானும் இட்லி விலையை ஏற்றியிருக்கிறேன். ஏன் ஏறியது என்று வாங்குகிறவர் முகத்துக்கு நேரே சொல்ல முடிகிற விலையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்தவர் அவசரத்தைத் தவிர வேறு காரணமே இல்லாத விலையை யாரும் பலகையில் எழுதி மாட்டுவதில்லை, வாயால்தான் சொல்வார்கள்.

விலை ஏறினாலே யாரோ கொள்ளையடிக்கிறார்கள் என்று எல்லாரையும் ஒரே தட்டில் வைப்பதும் சரியில்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது, சென்னையில் ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு அரசு விற்றது. அப்போது விவசாயிகள் பணத்தில் புரளுகிறார்கள் என்று பலர் பேசினார்கள். ராயக்கோட்டை, பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போய்ப் பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். தக்காளியைப் பதுக்க முடியாது, பறித்த சில நாளில் அழுகிவிடும். விலை விழுந்தால் பறிகூலிக்கும் கட்டாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிற அதே விவசாயிக்கு, எப்போதாவது ஒரு மாதம் நல்ல விலை கிடைத்தால் அது அவர் பட்ட நஷ்டத்துக்குக்கூட ஈடாகாது. பதுக்கல் நடப்பதெல்லாம் கெடாத சரக்கில்தான்: பருப்பு, எண்ணெய், சர்க்கரை, மெழுகுவர்த்தி, மாஸ்க்.

அப்புறம், வீட்டில் சாமான் சேர்த்து வைப்பதெல்லாம் பதுக்கலா என்று கேட்கிறவர்களுக்கு. எங்கள் பக்கம் மாசி, பங்குனியில் புதுப் புளி வரும்போது வருஷத்துக்கும் வாங்கிக் கொட்டை எடுத்து உப்புப் போட்டுப் பானையில் அடைத்து வைப்போம். அது பதுக்கல் இல்லை. ஊரெல்லாம் புளி கொட்டிக் கிடக்கிறபோது வாங்குகிறோம், அதனால் யாருக்கும் குறைவதில்லை, விற்கிறவருக்கும் நல்லது. எல்லாருக்கும் பற்றாத நாளில் ஓடிப்போய் அள்ளுவதுதான் தப்பு. கடைக்காரர் விஷயத்தில் அடையாளம் இன்னும் சுலபம். உள்ளே மூட்டை இருக்கும், வாய் "ஸ்டாக் இல்ல" என்று சொல்லும்.

சட்டம் இல்லாமல் இல்லை. அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் 1955லிருந்து இருக்கிறது. கள்ளச்சந்தைக்காரர்களை 6 மாதம் வரை தடுப்புக் காவலில் வைக்க 1980லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. கொரோனா தொடங்கியபோது, 2020 மார்ச் 13 அன்று மாஸ்க்கையும் சானிடைசரையும் அத்தியாவசியப் பொருள் பட்டியலில் சேர்த்தார்கள். அடுத்த வாரமே மூன்றடுக்கு மாஸ்க் 10 ரூபாய்க்கு மேல், 200 மில்லி சானிடைசர் 100 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று உச்ச விலை வைத்தார்கள். பாக்கெட்டில் அச்சடித்த எம்.ஆர்.பி.க்கு மேல் விற்பது எந்த நாளிலும் குற்றம்தான், புயல் நாளில் மட்டும் இல்லை. நம் மாநிலத்தில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் போனே வேலை செய்யாத அன்று யாரை அழைப்பது? ரோடு அறுந்த ஊருக்கு ஆபீசர் மட்டும் எப்படி வருவார்? உதிரியாக விற்கிற காய்கறியிலோ அளந்து ஊற்றுகிற எண்ணெயிலோ எம்.ஆர்.பி.யே கிடையாது. அந்த நாட்களில் சட்டத்தின் இடத்தில் கடைக்காரரின் மனசாட்சி மட்டும்தான் நிற்கிறது. பில் கொடுக்காத பழக்கத்தை நான் குறையாகச் சொன்னதும் இதனால்தான். இந்த அண்ணன் நியாயமானவர், அவரிடம் பில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் பில் கேட்கிற பழக்கமே இல்லாமல் போன ஊரில், 40 ரூபாய்க்குப் பால் விற்றவர் மேல் நாளைக்குப் புகார் கொடுக்க ஒருவரிடமும் சீட்டு இருக்காது. இந்த அண்ணன் முதலில் பில் கொடுக்கத் தொடங்கினால் மற்ற கடைகளிலும் ஜனங்கள் கேட்பார்கள். அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன், இன்னும் தொடங்கவில்லை.

அவரோடு எனக்கு ஒத்துப்போகாத இடம் ஒன்று உண்டு. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். கரண்ட் இல்லாமல் மாவு அரைக்க முடியாது, ஆனால் சிலிண்டர் இருந்தது, உப்புமா கிண்டலாம் என்று போனேன்.

"அண்ணா, பத்து கிலோ ரவை போடுங்க."

"அஞ்சு கிலோதாம்மா."

"எனக்கா கேக்குறேன்? ஸ்கூல்ல அறுவது பேருக்கு மேல இருக்காங்கண்ணா."

"தெரியும்மா. மீதி அஞ்சு கிலோவும் யாரோ சாப்பிடத்தான் போறாங்க."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. அஞ்சு கிலோ ரவையைக் கஞ்சி மாதிரி நீர்க்கக் காய்ச்சி ஊற்றினோம். அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன், அது தப்பு. ஆளுக்கு இவ்வளவு என்று வைப்பது சரி. ஆனால் வாசலில் நிற்கிற ஆளை எண்ணக் கூடாது, அந்த ஆளுக்குப் பின்னால் எத்தனை வயிறு என்று கேட்க வேண்டும். ரேஷன் கார்டில்கூட வீட்டில் எத்தனை பேர் என்று பார்த்துத்தான் அரிசி. ஏழு பேர் இருக்கிற வீட்டுக்கும் தனி ஆளுக்கும் அதே இரண்டு பாக்கெட் பால் என்றால் பெரிய குடும்பம்தான் காய்கிறது. "எல்லாரும் ஏழு பேர்னு சொல்லிட்டா நான் எங்க போய் எண்ணுறது?" என்பது அவர் பதில். தெருவில் எல்லாரையும் தெரிந்தவர், யார் வீட்டில் எத்தனை பேர் என்று அவர் கடன் நோட்டே சொல்லும். இது எங்களுக்குள் இன்னும் முடியாத வழக்கு.

கடன் நோட்டு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வாரம் முழுக்கக் கூலிக்காரர்களுக்குப் பாக்கியில்தான் சாமான் போட்டார். கரைந்து போன சர்க்கரை மூட்டைக் காசை யார் தலையிலும் கட்டவில்லை. பாக்கி முழுசாக வந்துவிட்டதா என்று கேட்டேன், "வருது" என்றார், அவ்வளவுதான்.

போகிறவர்களுக்குச் சில தகவல். காலை ஆறரைக்குத் திறப்பார், மதியம் இரண்டிலிருந்து நாலு வரை கடை இல்லை, ஞாயிறு அரை நாள். ஜிபே இப்போது வாங்குகிறார், ஆனால் சிக்னல் படுத்தும், கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். உளுந்து, ராகி, கடலை, அரிசி தாராளமாக வாங்கலாம். பொடி வகைகள் வேண்டாம். பில் கேளுங்கள், முகத்தைச் சுளித்தாலும் எழுதித் தருவார். மழை அறிவிப்பு வந்த அன்று மொத்தமாக வாங்கலாம் என்று போகாதீர்கள், கொடுக்க மாட்டார்.